தோத்தாலும் பரவாயில்லைன்னு சொல்லாதீங்க

நீடாமங்கலத்துலேருந்து மன்னார்குடி போற வழியில திருப்பூவனூர்னு ஒரு ஊர் இருக்கு. அப்பர் பாடின தலம். சாமி பேரு சதுரங்க வல்லபநாதர். ஆனா எங்க மாதிரி வயல்காரங்களுக்கு அந்தக் கோயில் முதல்ல வேற ஒரு விஷயத்துக்குத்தான் தெரியும். எலி கடிச்சா அங்க இருக்கற சாமுண்டீஸ்வரி சன்னதிக்குப் போய் வேர் கட்டிக்கிட்டு வருவோம். அறுப்பு நேரத்துல நானும் ஒருதரம் கட்டியிருக்கேன். ஆஸ்பத்திரியில ஊசியும் போட்டுக்கிட்டேன், பயப்படாதீங்க.

சாமிக்கு அந்தப் பேரு வந்த கதை இதுதான். ஒரு ராஜாவுக்கு ராஜராஜேஸ்வரின்னு ஒரு பொண்ணு. சதுரங்கத்துல அவளை ஜெயிக்க ஆளே கிடையாது. ஜெயிக்கறவனுக்குத்தான் கல்யாணம் பண்ணிக் குடுப்பேன்னு ராஜா சொல்லிட்டார். வந்தவன் எல்லாம் தோத்துட்டுப் போனான். பொண்ணுக்கு வயசாகுதேன்னு கவலைப்பட்டு, ராஜா கோயில் கோயிலா கூட்டிக்கிட்டுப் போறார். திருப்பூவனூர் வந்தப்ப ஒரு கிழவர் வந்து, நான் ஆடிப் பாக்கறேன்னு உக்காந்தார். ஜெயிச்சார். அப்புறம்தான் தெரிஞ்சது, வந்தது சிவபெருமான்னு.

2022-ல மாமல்லபுரத்துல செஸ் ஒலிம்பியாட் நடந்தப்ப, சென்னையில தொடக்க விழாவுல பிரதமர் இந்தக் கோயிலைப் பத்திப் பேசினார். அன்னிக்கு எங்க பக்கமெல்லாம் அதே பேச்சுதான்.

எனக்கு அந்தக் கதையில பிடிச்ச இடம் சாமி வந்தது இல்ல. கிழவர் எதிர்ல உக்காந்தப்ப, "இவர் இதுக்கு முன்னாடி யாரை ஜெயிச்சிருக்கார்"னு ராஜா கேக்கல பாருங்க, அதுதான். இந்தக் காலமா இருந்தா முதல்ல ரேட்டிங் கேட்டிருப்பாங்க. கிழவர் வாசல்லயே நின்னிருப்பார்.

இதெல்லாம் இப்ப ஏன் சொல்றேன்னா, போன மாசம் தஞ்சாவூர்ல ஒரு செஸ் போட்டிக்கு என் தங்கச்சி பொண்ணைக் கூட்டிக்கிட்டுப் போயிருந்தேன். அங்க நான் ஒரு தப்புப் பண்ணேன். அதை எழுதித்தான் ஆகணும்.

ரேட்டிங்னா என்ன

செஸ் தெரியாதவங்களுக்காக ரெண்டு வரி. ஹங்கேரியில பொறந்து அமெரிக்காவுல இயற்பியல் பேராசிரியரா இருந்த ஆர்பாட் ஈலோங்கறவர் ஒரு கணக்கு போட்டார். ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் ஒரு எண். ஜெயிச்சா ஏறும், தோத்தா இறங்கும். நம்மைவிடப் பெரிய எண் உள்ளவரை ஜெயிச்சா நிறைய ஏறும், சின்ன எண் உள்ளவர்கிட்ட தோத்தா நிறைய இறங்கும். உலக செஸ் சம்மேளனம் 1970-ல அதை எடுத்துக்கிச்சு. இன்னிக்கு வரைக்கும் அதுதான்.

எங்க பாஷையில சொல்றதா இருந்தா, பயிர் காப்பீட்டுல உத்தரவாத மகசூல்னு ஒண்ணு இருக்கு. போன 7 வருஷத்துல நல்லா விளைஞ்ச 5 வருஷத்துச் சராசரியை வச்சுப் போடற கணக்கு. அந்தக் கணக்கு பொய் இல்ல. நடந்ததைத்தான் சொல்லுது. ஆனா இந்த வருஷம் என் வயல்ல என்ன விளையும்னு அதுக்குத் தெரியாது. தண்ணி எப்ப வருது, மழை எப்ப விடுது, எந்தப் பூச்சி வருதுங்கறதை வச்சுத்தான் இந்த வருஷ நெல்லு. ரேட்டிங்கும் அப்படித்தான். போன வருஷத்துக் களத்தோட கணக்கு. இன்னிக்குப் பலகையில அது ஒரு காயைக்கூட நகத்தாது.

வளர்ற பிள்ளைங்களுக்கு இது இன்னும் பொருந்தும். ரேட்டிங் ஏறணும்னா ரேட்டிங் போட்டி ஆடணும். அதுக்கு என்ட்ரி பீஸ், பஸ்ஸுக்கு, ரூமுக்கு, சாப்பாட்டுக்குப் பணம், கூடப் போறதுக்கு ஒரு ஆள். சென்னையில இருக்கற பிள்ளைக்குப் பக்கத்துலயே போட்டி கிடைக்கும். எங்க ஊர்ப் பிள்ளை வருஷத்துக்கு ரெண்டு போட்டி ஆடினாலே பெருசு. அதனால வீட்டுல உக்காந்து எவ்வளவு கத்துக்கிட்டாலும் எண் அங்கயே நிக்கும். அந்த எண்ணுல பாதி ஆட்டம், பாதி அப்பன் பாக்கெட்டுன்னு நான் சொல்லுவேன். கோவிச்சுக்காதீங்க.

முதல் ரவுண்டு எப்பவும் இப்படித்தான்

இந்தப் போட்டிகள்ல ஸ்விஸ் முறைன்னு ஒண்ணு வச்சிருக்காங்க. 100 பேர் வந்தா ரேட்டிங்படி வரிசையா நிறுத்தி, நடுவுல வெட்டி, மேல் பாதியைக் கீழ் பாதியோட மோதவிடுவாங்க. 1-ம் நம்பருக்கு 51, 2-ம் நம்பருக்கு 52. அதனால கீழ் பாதியில இருக்கற பிள்ளைக்கு முதல் ரவுண்டுல எப்பவும் தன்னைவிட ரொம்பப் பெரிய ஆள்தான் வருவார். அது துரதிர்ஷ்டம் இல்ல, ஏற்பாடே அப்படி.

ஹால் வாசல்ல ஜோடி லிஸ்ட் ஒட்டினதும் பெத்தவங்க கூட்டமா போய்ப் பாப்பாங்க. பேரைப் பாக்கறதுக்கு முன்னாடி எதிராளியோட எண்ணைப் பாப்பாங்க. பெரிய எண்ணா இருந்தா முகம் சுருங்கும். உடனே பிள்ளைகிட்ட வந்து, "பரவாயில்லடா, பெரிய ஆளு, தோத்தாலும் ஒண்ணுமில்ல"ன்னு சொல்லுவாங்க. ஆறுதலா சொல்றதா நினைப்பு. நானும் அதையேதான் சொன்னேன்.

எங்க பாப்பாவுக்கு 1480. எதிர்ல வந்தது காலேஜ் படிக்கற பையன், 1850. வித்தியாசம் 370. ஈலோ கணக்குப்படி இப்படிப்பட்ட ரெண்டு பேர் 100 ஆட்டம் ஆடினா பெரியவருக்கு 90 புள்ளி, சின்னவளுக்கு 10 புள்ளி. நான் அந்த 90-ஐப் பாத்தேன். 10-ஐப் பாக்கல.

ராத்திரியில ஆடின ஒரு ஆட்டம்

10-ஐ எப்படிப் பாக்கணும்னு காட்டின ஆட்டம் ஒண்ணு உண்டு. 2022 பிப்ரவரியில ஏர்திங்ஸ் மாஸ்டர்ஸ்னு இணையத்துல ஒரு வேகப் போட்டி. ஆளுக்கு 15 நிமிஷம், ஒவ்வொரு நகர்த்தலுக்கும் 10 விநாடி கூடும். 8-வது ரவுண்டுல நம்ம சென்னைப் பையன் பிரக்ஞானந்தாவுக்கு எதிர்ல மாக்னஸ் கார்ல்சன். நார்வேக்காரர், அப்ப உலக சாம்பியன். நிதான ஆட்டத்துல அவரோட ரேட்டிங் 2865. பிரக்ஞானந்தாவுக்கு 2612. வயசு 16. கணக்குப்படி பையனுக்கு 100-க்கு 19 புள்ளி.

இதுல கவனிக்கவேண்டியது இன்னொண்ணு. அந்தப் போட்டியில அதுக்கு முன்னாடி ஆடின 7 ஆட்டத்துல அந்தப் பையன் ஜெயிச்சது ஒண்ணு, டிரா ரெண்டு, தோத்தது நாலு. நாலு தோத்துட்டு, இந்தியாவுல நடுராத்திரி தாண்டற நேரத்துல, கறுப்புக் காய் வச்சு, உலகத்துலயே பெரிய எண்ணுக்கு எதிர்ல உக்காந்திருக்கான். "தோத்தாலும் பரவாயில்ல"ன்னு சொல்லிக்கறதுக்கு இதைவிட நல்ல காரணம் எவனுக்குக் கிடைக்கும்?

39 நகர்த்தல்ல ஜெயிச்சான்.

பெரிசா ஒரு மாயாஜாலமும் பண்ணல. கார்ல்சன் ஒரு இடத்துல தப்புப் பண்ணார். அந்த நேரத்துல பையன் பலகையில இருந்தான், அவ்வளவுதான். எதிர்ல இருக்கறவர் யாருன்னு யோசிச்சுக்கிட்டிருந்தா, "இவர் தப்புப் பண்ண மாட்டார், இதுல ஏதோ பொறி இருக்கு"ன்னு பயந்து விட்டிருப்பான். பெரிய எண்ணோட பாதி பலம் அதுதான். அவங்க தப்பை நாமே நம்பமாட்டோம்.

அந்தப் பையனோட அம்மா நாகலட்சுமி, வெளிநாட்டுக்குப் போட்டிக்குக் கூடப் போகும்போது குக்கரைக் கையோட எடுத்துக்கிட்டுப் போய் சோறு, ரசம் பண்ணிக் குடுப்பாங்கன்னு நீங்களும் படிச்சிருப்பீங்க. நெல்லு விளைவிக்கறவனுக்கு இதைக் கேட்டா சந்தோஷம்தான். ஆனா நான் அதுல கத்துக்கிட்டது வேற. கூடப் போற பெரியவங்க செய்யவேண்டிய வேலை சோறு போடறது. ஆட்டத்துக்கு முன்னாடி தீர்ப்பு சொல்றது இல்ல.

டிரா கேட்டதே பெருசு

சரி, தஞ்சாவூருக்கு வர்றேன். நிதான ஆட்டம், ஆளுக்கு 90 நிமிஷம். பெத்தவங்க ஹாலுக்கு வெளியே. நான் ஒரு வேப்பமரத்தடியில உக்காந்திருந்தேன். ஒரு மணி நேரத்துல வந்துடுவான்னு நினைச்சேன். ரெண்டு மணி நேரம் ஆச்சு, வரல. மூணு மணி நேரம் நெருங்கறப்ப சிரிச்சுக்கிட்டே ஓடி வந்தா.

"டிரா மாமா!"

எனக்குத் தலைகால் புரியல. தங்கச்சிக்குப் போன் போட்டேன். 1850-க்காரனை டிரா பண்ணிட்டான்னு பக்கத்துல இருந்தவங்ககிட்ட எல்லாம் சொன்னேன். அவளுக்கு அல்வா வாங்கிக் குடுத்தேன், நானும் தின்னேன்.

அப்ப அங்க நின்ன ஒரு பெரிய பையன், ஆட்டத்தை எழுதின தாளை வாங்கி, போன்ல ஒவ்வொரு நகர்த்தலா போட்டுப் பாத்தான். கடைசி நிலைமைக்கு வந்ததும், "ஏன் பாப்பா டிராவுக்கு ஒத்துக்கிட்ட? நீதான ஜெயிச்சிட்டு இருந்த?"ன்னான்.

போனைக் காட்டினான். ரெண்டு பக்கமும் ராணி இல்ல. ஆளுக்கு ஒரு யானை. இவளுக்கு ரெண்டு சிப்பாய் அதிகம், அதுல ஒண்ணு பாதையில யாருமே இல்லாம ஓடிக்கிட்டிருக்கு. கடியாரத்துல அந்தக் காலேஜ் பையனுக்கு 3 நிமிஷம்தான் மிச்சம். இவளுக்கு 20 நிமிஷத்துக்கு மேல. அந்த நேரத்துலதான் அவன் ஒரு காயை நகத்திட்டு, கடியாரத்தை அமுக்கறதுக்கு முன்னாடி, மெதுவா "டிரா?"ன்னு கேட்டிருக்கான்.

அவன் மேல தப்பே கிடையாது. விதிப்படி கேட்டான். தோக்கப்போறவன் கேக்கத்தான் செய்வான். கேட்டதுக்கு யோசிக்க இவளுக்கு நேரமும் இருந்தது. வேண்டாம்னு சொல்லலாம். வாயைத் திறக்காம அடுத்த காயைத் தொட்டாலே வேண்டாம்னுதான் அர்த்தம்.

"ஏன் பாப்பா?"ன்னேன்.

"அவர் 1850 மாமா. அவர் டிரா கேட்டதே பெருசு இல்லையா?"

கொஞ்சம் நேரம் கழிச்சு, அழுகை வர்ற மாதிரி சொன்னா: "நீங்கதான் மாமா காலையில சொன்னீங்க, தோத்தாலும் பரவாயில்லன்னு. நான் தோக்கவே இல்லையே."

அல்வா தொண்டையில நின்னுடுச்சு.

கணக்கையும் பாத்துடலாம். அவ வயசுக்கும் ரேட்டிங்குக்கும், இந்த ஆட்டத்துல ஜெயிச்சிருந்தா 36 புள்ளி ஏறியிருக்கும். டிராவுக்கு 16. மிச்சம் 20-ஐ யார் எடுத்துக்கிட்டாங்கன்னு கேட்டா, எதிராளி இல்ல. காலையில வாசல்ல நின்னு ஆறுதல் சொன்ன இந்த மாமாதான்.

யோசிச்சுப் பாருங்க. "தோத்தாலும் பரவாயில்ல"ன்னா என்ன அர்த்தம்? நீ தோப்பேன்னு நான் முடிவு பண்ணிட்டேன், அதுக்கு இப்பவே உன்னை மன்னிச்சுட்டேன்னு அர்த்தம். பிள்ளைங்களுக்கு அது சரியாப் புரியும். அதுக்கப்புறம் தோக்காம வந்தாலே அது லாபம். ஜெயிக்கற நிலைமை கைக்கு வந்தாலும், அது தன்னோடதுன்னு தோணாது.

எதிர்ப்பக்கமும் இருக்கு

"அப்ப எல்லா டிராவையும் வேண்டாம்னு சொல்லணுமா, அது திமிரு இல்லையா"ன்னு நீங்க கேக்கலாம். நியாயமான கேள்வி. அதுக்கும் மாமல்லபுரத்துலயே பதில் இருக்கு. ரெண்டு பக்கத்துப் பதிலும் இருக்கு.

அந்த ஒலிம்பியாட்ல இந்தியாவோட ரெண்டாவது அணியில பெரும்பாலும் இளம் பிள்ளைங்க. ரேட்டிங் வரிசையில 11-வது. 8-வது ரவுண்டுல அவங்களுக்கு எதிர்ல, வரிசையில முதல்ல இருந்த அமெரிக்கா. முதல் பலகையில குகேஷ், வயசு 16. எதிர்ல ஃபேபியானோ கருவானா, உலக சாம்பியன் பட்டத்துக்கே கார்ல்சனோட மோதினவர். கிட்டத்தட்ட 100 புள்ளி வித்தியாசம். குகேஷ் ஜெயிச்சான். இந்தியா 3-1-னு ஜெயிச்சது. அந்தப் போட்டியில அவன் தொடர்ந்து ஜெயிச்ச 8-வது ஆட்டம் அது.

ரெண்டு ரவுண்டு கழிச்சு உஸ்பெகிஸ்தான். எதிர்ல அப்துசத்தாரோவ், அவனும் சின்னப் பையன், ஏறக்குறைய சமமான எண். குகேஷுக்கு நல்ல நிலைமை. டிராவுக்குப் போகாம, ஜெயிக்கணும்னே ஆடினான். கடைசியில நேர நெருக்கடியில தப்புப் பண்ணித் தோத்துட்டான். அணிக்கு 2-2. தங்கம் உஸ்பெகிஸ்தானுக்குப் போச்சு, நம்ம பிள்ளைங்களுக்கு வெண்கலம். டிராவோட நிறுத்தியிருந்தா அன்னிக்கு இந்தியா ஜெயிச்சிருக்கும்.

அதனால, டிராவை மறுத்தா ஜெயிப்போம்னு நான் சொல்லமாட்டேன். அது பொய். எங்க பாப்பா அன்னிக்கு ஆடியிருந்தாலும் தப்புப் பண்ணித் தோத்திருக்கலாம். நான் சொல்றது வேற. டிராவா, ஆடறதாங்கற முடிவை பலகையைப் பாத்து எடுக்கணும். எதிர்ல இருக்கறவரோட எண்ணைப் பாத்து எடுக்கக் கூடாது. குகேஷ் தோத்த ஆட்டத்துலயும் அவன் பலகையைப் பாத்துத்தான் முடிவெடுத்தான்னு நான் நம்பறேன். எங்க பாப்பா டிரா பண்ண ஆட்டத்துல எண்ணைப் பாத்து முடிவெடுத்தா. மாமல்லபுரத்துல அப்படித் தோத்த பையன், ரெண்டு வருஷம் கழிச்சு, 2024 டிசம்பர்ல 18 வயசுல சிங்கப்பூர்ல உலக சாம்பியன் ஆனான். அந்தத் தோல்வி அவனைப் பயந்து ஆடவைக்கல.

"ஜெயிச்சுடுவ, பயப்படாத"ன்னு தட்டிக்கொடுக்கறதும் இதே தப்போட இன்னொரு பக்கம்தான். 100-க்கு 90 புள்ளி எதிராளிக்குப் போகும்னு கணக்கு சொல்லுது. கணக்கு பொய் சொல்லாது. தோத்து வந்தா பிள்ளை உங்க பேச்சையும் நம்பாது, தன்னையும் நம்பாது. ஜெயம், தோல்வி ரெண்டையும் நாம பேசாம இருந்தாலே போதும்.

எங்க ஊர்ல இதை வேற வேற பேர்ல தினம் பாக்கறேன். சென்னைப் பிள்ளைங்களோட நம்ம பிள்ளை போட்டி போட முடியுமான்னு கேட்டு, நல்லாப் படிக்கற பொண்ணை இருக்கற காலேஜ்ல சேத்துவிடுவோம். இன்டர்வியூவுக்குப் போற பையன்கிட்ட, "போய்ட்டு வா, கிடைக்கலன்னா வயல் இருக்கு"ன்னு சொல்லுவோம். அன்பாத்தான் சொல்றோம். எங்க அப்பாரும் என்கிட்ட அப்படித்தான் சொன்னார். நான் பிளஸ் டூவோட நின்னதுக்கு அது மட்டும் காரணம் இல்ல. ஆனா அதுவும் ஒரு காரணம்.

நகரத்துல இருக்கற உங்களுக்கும் இது தெரியாத விஷயம் இல்ல. ரேங்க், கட்-ஆஃப், எந்த ஸ்கூல்னு நீங்க எங்களைவிட நிறைய எண்ணோட வாழறீங்க.

அன்னிக்கு மதியம் ரெண்டாவது ரவுண்டு லிஸ்ட் ஒட்டினாங்க. நான் போய்ப் பேரையும் பலகை நம்பரையும் மட்டும் பாத்துட்டு வந்தேன். "14-வது பலகை, வெள்ளைக் காய்"ன்னேன்.

"எத்தனை மாமா அவங்களுக்கு?"

"பாக்கல பாப்பா. தயிர்சாதம் இருக்கு, சாப்பிட்டுட்டுப் போ."

அந்த ரவுண்டுல தோத்தா. மூணரை மணி நேரம் ஆடித் தோத்தா. வெளியே வந்ததும் எண்ணைப் பத்திப் பேசல. எந்தக் குதிரையை எங்க வச்சிருக்கணும்னு பஸ்ல ஊர் வர்ற வரைக்கும் சொல்லிக்கிட்டே வந்தா. எனக்கு அதுல முக்கால்வாசி புரியல. கேட்டுக்கிட்டே வந்தேன்.

அடுத்த போட்டிக்கு உங்க பிள்ளையைக் கூட்டிக்கிட்டுப் போனீங்கன்னா, அந்த லிஸ்ட்ல ரேட்டிங் எழுதியிருக்கற இடத்தைக் கட்டைவிரலால மறைச்சுக்கிட்டுப் பாருங்க. கையில சாப்பாட்டு டப்பா இருக்கட்டும். வேற எதுவும் சொல்லவேண்டாம்.